மரம் எண் 417 தொடர்பாக

வீட்டு வாசலில் நிற்கும் மரத்தின் கிளையை யார் வெட்ட வேண்டும் என்று கேட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தப்பாகத்தான் பதில் சொல்வார்கள். படித்தவர்கள் அதே தப்பைக் கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இருபத்தாறு வருஷமாக நகராட்சி மரப்பிரிவில் எழுத்தராக உட்கார்ந்து இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி எழுதி என் கைவிரலில் காய்ப்பு ஏறிவிட்டது.

விசாரிக்க வந்த நீங்கள் வாக்குமூலத்தை வாயால் சொல்லச் சொன்னீர்கள். நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டு வாங்கியதற்குக் காரணம் உண்டு. உங்கள் உதவியாளர் முதல் பக்கத்திலேயே நான்கு இடத்தில் அடித்துத் திருத்தியிருந்தார். கோபித்துக்கொள்ள வேண்டாம் ஐயா, அடித்தல் திருத்தல் உள்ள காகிதத்தில் என் கையெழுத்து இதுவரை விழுந்ததில்லை.

முதலில் விதி. மரத்தின் அடி சுற்றுச்சுவருக்கு வெளியே இருந்தால் அது அலுவலகத்து மரம். அதில் நம்பர் தகடு அடித்திருப்போம். வெட்டுவது எங்கள் பொறுப்பு. அடி சுவருக்கு உள்ளே இருந்தால் வீட்டு உரிமையாளர் பொறுப்பு, ஆனால் எங்கள் அனுமதி இல்லாமல் ஒரு குச்சியைக் கூட ஒடிக்கக் கூடாது. இரண்டே வரிதான். மரங்கள் இந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு வளர்வதில்லை என்பதுதான் கஷ்டம். அடி பெருத்துச் சுவரை முட்டும், சுவரைத் தின்னும், பாதி உள்ளே பாதி வெளியே என்று ஆகிவிடும். அப்படிப்பட்ட மரத்தை வெட்டச் சொல்லி எங்களிடம் வந்தால் உரிமையாளர் பொறுப்பு என்போம். உரிமையாளர் அனுமதி கேட்டு வந்தால் தகடு அடித்த மரத்துக்கு அனுமதி கிடையாது என்போம். ஒரு மரத்தை இந்த இரண்டு பதிலுக்கும் நடுவில் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் தொங்கவிடலாம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வேலை இது.

எங்கள் வீட்டு வாசலில் நிற்பது 417. பக்கத்தில் ட்யூஷன் டீச்சர் வீட்டு வாசலில் நிற்பது 418. இரண்டும் ஒரே வகை மரம், ஒரே வருஷம் நட்டவை. 418 ஒழுங்கான மரம். 417இன் பெரிய கிளை ஒன்று காய்ந்து, தெருப்பக்கமாகப் பதினைந்து அடிக்கு நீட்டிக்கொண்டிருந்தது.

வீடு என் பெயரில் இருக்கிறது. அதில் நான், என் தம்பி, தம்பி மனைவி மூன்று பேர். அம்மா போனபோது எனக்குப் பத்தொன்பது வயது, அவனுக்கு ஏழு. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அவனுக்குத் தலை வாரிவிட்டது, காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தது, கையெழுத்து சரியில்லை என்று அலுவலகத்துப் பழைய மனுக்களைப் பார்த்து எழுதச் சொன்னது எல்லாம் நான்தான். மற்றப் பிள்ளைகள் பாட்டு மனப்பாடம் செய்த வயதில் அவன் ‘பொருள், பார்வை, கீழே கையொப்பமிட்டுள்ள நான்’ என்று எழுதிக்கொண்டிருப்பான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேண்டாம் என்று நான் சொன்னதில்லை, வேண்டுமா என்று யாரும் கேட்டதுமில்லை. அவன் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலைக்குப் போனான். முப்பத்தாறு வயதில் ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டு வந்தான்.

நல்ல பெண். இதை இங்கேயே எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துபோகலாம். வேலைக்குப் போவாள், வந்தால் வீட்டு வேலையும் செய்வாள், எதிர்த்துப் பேச மாட்டாள். காய்ந்த கிளையை முதலில் பார்த்தவளும் அவள்தான்.

“அக்கா, அந்தக் கிளை பட்டுப் போச்சு போல இருக்கே. நீங்க அங்கதானே வேலை பாக்கறீங்க, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“மனு போடும்மா. எல்லாருக்கும் ஒரே முறைதான்.”

அப்போது என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. முறை என்றால் முறை, அவ்வளவுதான். அவள் மனு போட்டாள். என் மேசைக்கு வந்தது. பிரித்துப் பார்த்தால் வீட்டு உரிமையாளரின் கையெழுத்து இல்லை. குறையைச் சுட்டிக்காட்டி உரிமையாளருக்குத் தபால் அனுப்பினேன். மூன்றாம் நாள் தபால் வீட்டுக்கு வந்தது. நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன்.

தம்பி அதைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “அனுப்புநரும் நீ, பெறுநரும் நீ. ஒரு ஸ்டாம்பாவது மிச்சம் பிடிச்சிருக்கலாமே அக்கா” என்றான். அவன் சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும். அவள் சிரிக்கவில்லை.

“வீடு உங்களுது, ஆபீஸ் உங்களுது, மரமும் உங்களுது. ஒரு கையெழுத்து போட என்னக்கா கஷ்டம்?”

“ஆபீஸ்ல நான் வேற, வீட்ல நான் வேற” என்றேன். அது உண்மை. அலுவலகத்தில் இருப்பவள் வீட்டில் இருப்பவளுக்குச் சலுகை காட்டியதில்லை.

அவள் லேசுப்பட்டவள் இல்லை. எனக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்து நான் விடுப்பில் இருந்தபோது நேரே கவுன்டருக்குப் போயிருக்கிறாள். என் இடத்தில் உட்கார்ந்திருந்தவர், குடியிருப்பவர் கையெழுத்தே போதும் என்று வாங்கிக்கொண்டார். விதிப்படி அதுவும் சரிதான். மரங்களைப் பார்வையிடும் அளவர் வந்து பார்த்தார். கிளை ஆபத்தானது என்று எழுதினார். அந்த வருஷத்து வெட்டுப் பட்டியலில் 417 ஏறிவிட்டது. எனக்கு ரஸம், மாத்திரை எல்லாம் கொடுத்துக்கொண்டே இந்த வேலையை முடித்திருக்கிறாள் பாருங்கள். கோபம் வந்தது. ஆனால் பட்டியலை நான் தொடவில்லை. பட்டியலைத் திருத்துவது குற்றம்.

அதே வாரத்தில்தான் அவர்கள் போகப்போவதாகச் சொன்னார்கள். கடலோரத்தில் ஏதோ ஒரு ஊர், பெரிய மருத்துவமனை, குடியிருக்க இடமும் கொடுக்கிறார்களாம். அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. லென்ஸ் எந்த ஊரிலும் தேயும் என்றான் தம்பி. ஐம்பது நாளில் கிளம்புகிறோம் என்றான். நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். “நல்லது” என்றேன். கழுவி வைத்த தட்டுகளையே மறுபடியும் எடுத்துக் கழுவினேன். அதன் காரணத்தை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

இனி தகடு விஷயம். நீங்கள் முதலில் கேட்டது அதுதான்.

எங்கள் வெட்டு ஆட்கள் மேலே பார்க்க மாட்டார்கள். தகட்டைத்தான் பார்ப்பார்கள். பட்டியலில் முகவரி இருக்காது, கிளையின் படம் இருக்காது, நம்பர் மட்டும் இருக்கும். தகட்டில் அந்த நம்பர் இருந்தால் ஏணியைச் சாய்ப்பார்கள், இல்லாவிட்டால் தாண்டிப் போவார்கள். ஒருமுறை நம்பர் தகடு மாட்டிய மின்கம்பம் ஒன்றில் கூட ஏணியைச் சாய்த்துவிட்டு, கிளையைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள். அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை அது, தேநீர் நேரத்தில் சொல்லிச் சிரிப்போம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். இருவரும் சினிமாவுக்குப் போயிருந்தார்கள். டீச்சர் வீட்டுக்குள் பிள்ளைகள் வாய்ப்பாடு கத்திக்கொண்டிருந்தன. ஆணி பிடுங்கும் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் 417ஐக் கழற்றி டீச்சர் வீட்டு மரத்தில் அடித்தேன். 418ஐக் கழற்றி எங்கள் மரத்தில் அடித்தேன். பழைய ஆணி, பழைய ஓட்டை. பத்து நிமிஷம் கூட ஆகவில்லை. தெருவில் போன ஒருவர் “என்னம்மா, ஞாயித்துக்கிழமையும் டூட்டியா?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஆமாம் என்று நான் சொல்லவில்லை. நான் பொய் சொல்வதில்லை. சிரித்தேன்.

வியாழக்கிழமை வெட்டு ஆட்கள் வந்தார்கள். அவர்களின் மேஸ்திரிக்கு ஏணி என்றே பட்டப்பெயர், அவ்வளவு உயரம். நான் அன்று விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தேன். அவர் டீச்சர் வீட்டு மரத்தின் கீழே நின்று தலையைச் சொறிந்தார்.

“அம்மா, இதுல காய்ஞ்ச கிளைன்னு போட்டிருக்கு. எல்லாம் பச்சையா இருக்கே. லிஸ்டு தப்போ?”

“லிஸ்ட்ல என்ன நம்பர்?”

“நானூத்திப் பதினேழு.”

“தகட்டுல என்ன நம்பர்?”

அவர் பார்த்தார். அதோடு அவருடைய சந்தேகம் தீர்ந்துபோயிற்று. “ஏறுங்கடா” என்றார். ஒரு மணி நேரத்தில் அந்த நல்ல மரத்தை மொட்டையடித்தார்கள். தகட்டோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள், அதுதான் முறை. டீச்சர் வெளியே வந்து, “கடன்காரங்களா, நிழலையே கொண்டு போயிட்டீங்களே” என்று கத்தினாள். ஏணி அவளுக்குப் பட்டியலைக் காட்டினார். பட்டியலைக் காட்டினால் யாரும் மேலே பேச முடியாது.

சாயங்காலம் தம்பி மனைவி வேலையிலிருந்து வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். “அக்கா, இதை விட்டுட்டு அதை வெட்டிட்டுப் போயிருக்காங்க.” மறுபடியும் ஒரு மனு போடு, பதினைந்து நாள் ஆகும் என்றேன். அவள் சோர்ந்துபோய், “நாமதான் கிளம்பப் போறோமே, விடுங்க” என்றாள். நாம் என்றாள். அந்த நாமில் நான் இல்லை.

எங்கள் வீட்டுச் சுவர் ரொம்பக் கனம். உள்ளே செல்போன் பேச முடியாது. சுற்றுச்சுவருக்கு வெளியே போய் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். தினமும் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அவள் அங்கே போய் அவளுடைய அம்மாவோடு பேசுவாள், அரை மணி நேரம். நின்றுகொண்டே பேசுவாள், பாவம், நாள் முழுக்க வார்டில் நின்ற கால். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். பக்கத்தில் ஒரு முக்காலி, அதன் மேல் தேநீர். “அய்யோ, எதுக்குக்கா உங்களுக்குச் சிரமம்” என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. கணவனைக் கூப்பிட்டு, “உங்க அக்கா வாய்தான் கொஞ்சம் அப்படி, மனசு தங்கம்” என்று சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

முதல் நாள் நாற்காலியை வாசற்கதவின் தூணுக்குப் பக்கத்தில் போட்டேன். கிளைக்கு அடியில் போட்டால் அவள் உட்கார மாட்டாள், அவளுக்குத்தான் கிளையைத் தெரியுமே. கிளையின் கனமான பகுதி நேரே கீழே எங்கே இறங்கும் என்று நூல் கட்டிய கல்லைத் தொங்கவிட்டு ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தேன். தூணிலிருந்து அந்த இடத்துக்கு எட்டரை அடி. அளவெடுப்பது எனக்குப் பழக்கம்தான். இரண்டாம் நாள் நாற்காலியை நான்கு விரற்கடை, அதாவது மூன்று அங்குலம், கிளைப் பக்கமாகத் தள்ளிப் போட்டேன். மூன்றாம் நாள் இன்னும் நான்கு விரற்கடை. ஒரு நாளைக்கு அதற்கு மேல் இல்லை. நாலு விரற்கடை தள்ளியிருப்பதை எந்த மனுஷரும் கவனிப்பதில்லை. முப்பத்தைந்தாம் நாள் வாக்கில் நாற்காலி வந்துசேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது. அவள் அதில் சாய்ந்து உட்கார்ந்து தேநீரைக் குடித்துக்கொண்டு அம்மாவிடம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

கிளை விழும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். தெரியாது. அது விழாமலே இருந்திருக்கலாம். பத்து வருஷம் அப்படியே நின்ற பட்ட கிளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் என் கோப்புகளில் ஒன்று கவனித்திருக்கிறேன். புயலில் விழுந்தவை குறைவு. இரண்டு நாள் மழையில் ஊறிக் கனத்து, மழை விட்ட பிறகு, இலை கூட அசையாத நேரத்தில் விழுந்தவைதான் அதிகம். கடைசி வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நான் கூப்பிட்டு வந்த மழை இல்லை அது.

அவள் இல்லாமல் போனால் அவன் இருப்பான். அவ்வளவுதான் என் கணக்கு. கொஞ்ச நாள் அழுவான், பிறகு சாப்பிடுவான், பிறகு சரியாகிவிடும். அம்மா போனபோதும் அப்படித்தான் ஆனான்.

மழை விட்ட அன்று காலையில் தம்பி சமையலறைக்கு வந்து நின்றான். மறுநாள் வண்டி வருகிறது. என்னென்னவோ சொல்ல நினைத்து வந்தவன் மாதிரி டம்ளரை உருட்டிக்கொண்டிருந்தான்.

“தனியா இருந்துக்குவே இல்லக்கா?”

“இருந்துக்குவேன்.”

“உனக்கென்ன, பேச்சுத் துணைக்குத்தான் நானூத்திப் பதினேழு இருக்கே” என்று சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன்.

அன்று அவளுக்கு மருத்துவமனையில் கடைசி நாள். வழியனுப்பிப் பேசுகிறார்கள், வர நேரமாகும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். எனக்கு அந்தத் தகவல் வருவதற்கு முன்பே ஐந்து மணிக்கு நாற்காலியைப் போட்டுவிட்டேன். பழக்கம். பிறகு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன், எடுக்கவில்லை.

ஐந்தரைக்குத் தம்பி செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கிளை அவன் மேல் விழுந்தது. இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கை நன்றாக இருக்கிறது. பேச்சும் நன்றாக இருக்கிறது.

அப்போது நடந்த விசாரணையை நீங்கள் படித்திருப்பீர்கள். அதிலும் ஒரே கேள்விதான், யார் பொறுப்பு. தம்பி மனைவி அழுதுகொண்டே வந்து, நான் மனு போட்டேனே, பட்டியலில் இருந்ததே என்றாள். மனு 417க்கு, 417 வெட்டியாயிற்று, இதோ தகட்டோடு படம் என்று காட்டினார்கள். விழுந்த மரத்தில் இருந்த தகடு 418. அதைப் பற்றி யாரும் புகார் கொடுத்ததில்லை. மேலும் அதன் அடி பாதி சுவருக்குள் இருக்கிறது. ஆகவே அலுவலகமும் பொறுப்பில்லை, உரிமையாளரும் பொறுப்பில்லை, இயற்கை நிகழ்வு என்று முடித்தார்கள். அந்தக் கோப்பைத் தைத்து அலமாரியில் வைத்தவள் நான். நல்ல கோப்பு, ஒரு காகிதம் கூடுதல் குறைச்சல் இல்லை.

தம்பி மனைவி அந்தக் கடலோர ஊர் வேலைக்குப் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டியிருந்தது. படி இல்லாத தரைத்தளத்து வீடு கிடைத்ததும் அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவாள். மற்ற நாட்களில் கடிதம் போடுவாள், வீட்டுக்குள் சிக்னல்தான் கிடைக்காதே. கடிதங்களை நான் படித்துவிட்டுக் கொடுப்பேன். நோயாளிக்கு எது தேவை, எது தேவையில்லை என்று ஒருவர் பார்க்க வேண்டும் அல்லவா? நிறையக் கடிதங்கள் தேவையில்லாதவை.

அந்த முதல் இரண்டு மாதம் ஐயா, நான் சந்தோஷமாக இருந்தேன். சொல்வதற்கு வெட்கமில்லை. காலையில் துடைத்துவிடுவேன், வீட்டில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பேன், மத்தியானம் அலுவலகத்திலிருந்து ஓடிவந்து ஊட்டிவிட்டுப் போவேன். கைதான் நன்றாக இருக்கிறதே, நானே சாப்பிடுகிறேன் என்பான். நான் விடமாட்டேன். தலை வாரிவிடுவேன். காற்று வரட்டும் என்று கட்டிலைத் தெருப்பக்க ஜன்னலோரத்தில் போட்டிருந்தேன்.

அங்கேதான் நான் தப்பு செய்துவிட்டேன். லென்ஸைத் தேய்த்து மாட்டி, இருபது அடி தூரத்து எழுத்தைப் படிக்கச் சொல்லிச் சரிபார்ப்பது அவன் தொழில். படுத்தபடியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தவன் ஒருநாள் கேட்டான்.

“அக்கா, நம்ம மரம் என்ன நம்பர்?”

“பேசாம படு, கண்ணு வலிக்கும்” என்றேன்.

பிறகு அவன் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆறு மாதமாகிறது. ஊட்டினால் வாயைத் திறப்பான், பசிக்கும் அல்லவா? நான் அறைக்குள் வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். களைப்பு.

டீச்சர் சனிக்கிழமைகளில் வந்து அவனுக்குச் செய்தித்தாள் கொடுப்பாள். அவள் கையில்தான் அவன் மனுவைக் கொடுத்தனுப்பியிருக்கிறான். ஆணையருக்கு எழுதிய மனு. எங்கள் அலுவலகத்தில் மேலே போகிற எந்த மனுவும் கீழே வந்துதான் சேரும். ஆணையர் மேசையில் ஒரு முத்திரை, பொறியாளர் மேசையில் ஒரு முத்திரை, கண்காணிப்பாளர் மேசையில் ஒரு முத்திரை, கடைசியில் ‘மரப்பிரிவு எழுத்தர், உரிய நடவடிக்கைக்கு’ என்று எழுதி என் மேசைக்கு வந்தது. மூன்று பேரில் ஒருவரும் படிக்கவில்லை. படித்திருந்தால் என்னிடம் அனுப்பியிருப்பார்களா?

நான் படித்தேன். பொருள், மரம் எண் 417. பார்வை, மனைவி கொடுத்த மனுவின் நாள், எண். நேரில் பார்த்த சாட்சி போல எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருந்தான். தகடுகள் மாறியிருக்கின்றன. மாற்றியவர் என் அக்கா, மேற்படி பிரிவின் எழுத்தர். நாற்காலியை வைத்தவரும் அவரே. கடைசியில் இரண்டு கோரிக்கை. தகடுகளைப் பழையபடி மாட்ட வேண்டும். என்னை இந்த வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோக வேண்டும். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. எவ்வளவு சுத்தமாக எழுதியிருக்கிறான்.

கிழித்துப் போட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. பதிவேட்டில் ஏற்றி நம்பர் கொடுத்தேன். பதினைந்து நாள் கெடு, பதினான்கு நாள் என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன், தினமும் எடுத்துப் படித்தேன். பதினைந்தாம் நாள், ‘பரிசீலித்ததில் மனுதாரர் கூறுவது சரி எனக் காணப்படுகிறது’ என்று குறிப்பெழுதி மேலே அனுப்பினேன். அதைப் படித்துவிட்டுத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள்.

அவன் போலீசுக்கு எழுதியிருக்கலாம். பத்திரிகைக்கு எழுதியிருக்கலாம். மரப்பிரிவு மனுவாக எழுதினான். அது எங்கே போய்ச் சேரும் என்று அவனுக்குத் தெரியாதா? எனக்குத்தான் எழுதினான். ஆறு மாதம் பேசாதவன் எனக்கு நாலு பக்கம் எழுதினான்.

மனுவில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. அவனுக்குத் தெரியாது, அதனால் எழுதவில்லை. கோப்பு அரைகுறையாக இருக்கக் கூடாது என்பதால் நான் சேர்க்கிறேன்.

கிளை விழுந்த அன்று அவன் வெளியே போனபோது நான் அந்தத் தெருப்பக்க ஜன்னலில்தான் நின்றேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்து வண்டிக்காரனைக் கூப்பிட்டான். மரத்தில் ஒரு சத்தம் கேட்டது. பட்ட கிளை சும்மா விழாது, முதலில் ‘டக்’ என்று ஒன்று, பிறகு நார் நாராகப் பிரிகிற இழுவைச் சத்தம். மெதுவாக எண்ணினால் ஐந்து வரை எண்ணலாம். செல்போனில் பேசுகிறவனுக்குக் கேட்காது. எனக்குக் கேட்டது, நான் அதைத்தானே நாற்பது நாளாகக் காது கொடுத்துக் காத்திருந்தேன். ‘டேய்’ என்று ஒரு சத்தம் போட்டால் எழுந்து ஓடிவந்திருப்பான். சின்ன வயதிலிருந்து என் குரலுக்கு எழுந்து பழகியவன். வாயைத் திறந்தும்விட்டேன். அப்போது அவன் வண்டிக்காரனிடம் சிரித்துக்கொண்டே, “ஆமாங்க, ரெண்டே பேர்தான்” என்றான்.

வாயை மூடிக்கொண்டேன். மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணினேன்.

இவ்வளவுதான் ஐயா. என் கையெழுத்தும் தேதியும் கீழே இருக்கிறது. இன்று காலை தம்பி மனைவி ஆம்புலன்ஸ் கொண்டுவந்து அவனைக் கூட்டிப்போய்விட்டாள் என்று உங்கள் உதவியாளர் சொன்னார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவன் டிரைவரிடமும் டீச்சரிடமும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போனானாம், சிரித்தானாம். ஊசி ஏதாவது போட்டிருப்பார்கள். தயவுசெய்து அவளுக்கு ஒரு தகவல் மட்டும் அனுப்புங்கள், எப்படியும் நாலு நாளில் கொண்டுவந்து விட்டுவிடுவாள், நான் வீட்டில் இல்லாவிட்டால் சாவி டீச்சரிடம் இருக்கும். அவனுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?